டவரைக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமும் திருப்புங்கள்

மொபைல் நிறுவனங்களின் நெட்வொர்க் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்கும் நடுவே மோட்டார் படகு ஓடுகிறது. சாலையில் போனால் வெகுதூரம் சுற்ற வேண்டும் என்பதால் பைக்கோடு படகேறுகிறவர்கள் உண்டு. கடைகளுக்குக் கணக்கு எழுதும் நானும் அதில் ஒருவன். மடியில் லேப்டாப், சட்டைப்பையில் ஹாட்ஸ்பாட் போட்ட போன். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளன்று நடு ஆற்றில் ஓடிபிக்காகக் காத்திருந்தால் அந்தக் கடுப்பு உங்களுக்கும் புரியும்.

சிக்னலே இல்லை என்றால்கூட மனம் ஆறும். கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. காரணம் உங்களுக்கே தெரியும். தண்ணீருக்கு மேல் மறைப்பில்லை. இரு கரை டவர்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் எட்டுகின்றன. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போன் சேலத்துக்கும் தர்மபுரிக்குமாகத் தாவுகிறது. டவர் உரக்கப் பேசுவது போனுக்குக் கேட்கிறது, சுமார் 0.2 வாட் சக்தியில் போன் சொல்லும் பதில்தான் டவருக்குக் கேட்பதில்லை.

எங்களால் ஆனதைச் செய்கிறோம். போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். 5ஜியைத் தேடியே பேட்டரி தீர்வதால் 4ஜியிலேயே நிறுத்தி வைக்கிறேன். பாய்மரப் படகுக்காரர்கள் ரவுட்டரின் வெளி ஆண்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுவார்களாம். எங்கள் படகில் கம்பத்துக்கு எங்கே போவது?

என் கணக்கு வேலை போகட்டுங்க. இரவில் பரிசலில் போய் வலை விரிக்கும் மீனவருக்குக் காற்று கிளம்பினால் கரைக்கு ஒரு போன் போட வேண்டும். ஒகேனக்கல் பக்கம் வரத்து கூடினால் அந்தச் செய்தியும் அவருக்கு வந்து சேர வேண்டும்.

கேட்பது புது டவர் அல்ல. இப்போது உங்கள் ஆண்டெனாக்கள் ஊரைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்கின்றன. ஏதாவது ஒரு கரையில், ஒரே ஒரு டவரின் ஒரு செக்டரை, அதாவது ஒரு திசையைப் பார்க்கும் ஆண்டெனாவை, தூரம் போகும் 700 அல்லது 900 மெகாஹெர்ட்ஸில், சாய்வைக் குறைத்து நீரை நோக்கித் திருப்புங்கள். நடு ஆற்றில் அந்த ஒன்று மற்றவற்றைவிடப் பலமாக இருந்தால் போதும், தாவல் நின்றுவிடும்.

அப்புறம், டிரைவ் டெஸ்ட். காரில் கருவிகளை வைத்துக்கொண்டு சாலைகளை அளக்கிறீர்கள், சரி. எங்கள் வழியில் கார் ஓடாதே! ஒருமுறை படகில் வந்து அளங்கள். ஒருமுறை என்று சொன்னதும் தவறு, இரண்டு முறை வேண்டும். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த நீர்மட்டம், அந்த மாதம் 30ஆம் தேதி முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. நீர் இறங்கினால் படகும் துறையும் கூடவே இறங்கும். கரை மேடு டவரை மறைக்கும். நிறைந்த அணையில் மட்டும் அளந்துவிட்டுப் போனால் கோடையில் பழைய கதைதான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிமுறைப்படி கவரேஜ் வரைபடத்தை இணையத்தில் நீங்கள் காட்டியாக வேண்டும். இந்த இரண்டு அளவையும் முடித்த பிறகு அதில் அணைக்கு நிறம் பூசுங்கள். படகுக் கட்டணத்தை நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பண்ணவாடிப் படகுப் பயணி