ஒற்றைப்படை நாள் குண்டு

சிஞ்சு, தைவான்
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, ஆயா, பாப்பா, பெரியப்பா வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் பதினெட்டு நாள் ஊரெல்லாம் சுற்றி போன வாரம்தான் வந்தது. "போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை, காகிதத்தில் கேட்டாலாவது பதில் வருகிறதா பார்ப்போம்" என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளிக்குக்கூட நான் கூப்பிடவில்லை. அன்று திங்கட்கிழமை, இங்கே வேலை நாள். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தேன். பின்னால் வெடிச் சத்தம் கேட்கும், அம்மா "என்ன சாப்பிட்ட" என்று ஆரம்பிக்கும் என்று நினைத்ததும் திரும்ப வைத்துவிட்டேன். என் தப்புதான்.

டீக்கடை பெஞ்சில் நடக்கிற சண்டையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பெரியப்பா அமெரிக்கக்காரனின் விமானத்துக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது என்கிறார், மண்டி கோவிந்தண்ணன் சட்டைப் பையிலிருக்கும் போனைத் தட்டிக் காட்டி எல்லாம் சைனாதான் என்கிறார், நடுவில் நம் மாதையன் மாமா ரஷ்யாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கடைசியில் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பி, "உன் பையன் அங்கேதானே சிப் செய்கிறான், அவனைக் கேளு" என்கிறார்களாம். அதற்கு மேல் நீங்கள் எழுதிய ஒரே வரிதான் உங்களுடைய கேள்வி என்று எனக்குத் தெரியும்: "சைனாக்காரன் அங்கே சண்டைக்கு வந்தால் நீ என்னப்பா செய்வாய்?"

முதலில், நான் சிப் செய்யவில்லை அப்பா. சிப்பை நான் தொட்டதுகூடக் கிடையாது. சிப் ஆலைகளில் காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்புகள் இருக்கின்றன. ஓடி ஓடி உள்ளே தூள் அடைத்ததும் அவற்றைக் கழற்றி எங்கள் பட்டறைக்கு அனுப்புவார்கள். பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி, மறுபடி பூட்டி அனுப்புவது எங்கள் வேலை. காவேரிப்பட்டணத்தில் நம் போர்வெல் மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுபோவோமே, அந்த வேலைக்கு வெள்ளைக் கையுறை போட்டது போல. ஊரில் சொன்னதைச் சொன்னபடியே வைத்திருங்கள், இப்போது மாற்ற வேண்டாம்.

ஆனால் அந்தப் பம்பு எதற்கு என்பதை மட்டும் கோவிந்தண்ணனிடம் சொல்லுங்கள். இன்றைக்கு மிக நுட்பமான சிப்பைச் செய்ய ஒரு மெஷின் வேண்டும். உலகத்திலேயே நெதர்லாந்தில் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே கம்பெனிதான் அதைச் செய்கிறது. அதற்குள்ளே உருக்கிய வெள்ளீயம் சொட்டுச் சொட்டாக விழும், வினாடிக்கு 50,000 சொட்டு. ஒவ்வொரு சொட்டையும் லேசரால் அடித்தால் ஒரு ஒளி வரும். அதன் அலைநீளம் 13.5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த ஒளிதான் சிப்பில் கோடு போடுகிறது. சாதாரணக் காற்றே அதை விழுங்கிவிடும் என்பதால் உள்ளே காற்று இருக்கக் கூடாது. அதற்குத்தான் பம்பு. நம் தெருவுக்கு ஈயம் பூச வருவாரே, நவச்சாரம் போட்டுப் பஞ்சால் தேய்த்து அண்டாவை வெள்ளி மாதிரி ஆக்குவாரே, அவர் கையிலிருந்த அதே ஈயம். அதை வைத்துத்தான் இன்றைக்கு வல்லரசுகள் அடித்துக்கொள்கின்றன.

அந்த மெஷினைச் சீனாவுக்கு விற்க விடவில்லை. 2022 அக்டோபர் 7-ஆம் தேதி அமெரிக்கா இன்னும் கடுமையாக ஒரு உத்தரவு போட்டது: உயர்ந்த ரகச் சிப்பும் கிடையாது, செய்கிற கருவியும் கிடையாது. ஏவுகணைக்கும் ராணுவக் கம்ப்யூட்டருக்கும் போய்விடும் என்பது காரணம். பத்து மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில், சீனக் கம்பெனி ஹுவாவே ஒரு போனை வெளியே விட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சீனாவிலேயே செய்த, 7 நானோமீட்டர் என்கிற நுட்ப ரகச் சிப்! அந்த மெஷின் இல்லாமல், பழைய மெஷினிலேயே திரும்பத் திரும்பக் கோடு போட்டுச் செய்திருக்கிறார்கள். கோவிந்தண்ணன் சொல்வதில் பாதி சரி என்று பெரியப்பா ஒத்துக்கொள்ளட்டும். மீதிப் பாதி, அப்படிச் செய்தால் செலவும் அதிகம், வீணாகிற சிப்பும் அதிகம். அதை அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வேறொரு சங்கதி இருக்கிறது, அதைப் பெரியப்பாவுக்காகவே எடுத்து வைத்திருந்தேன். அதற்கு முன் பக்கத்து மாடி ஆகோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகோங் என்றால் தாத்தா. இங்கே வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ரூம் மாறிவிட்டேன் என்று சொன்னேனா? இப்போது மொட்டை மாடியில் இருக்கிறேன். தகரக் கூரை, நல்ல காற்று. இந்த ஊரே காற்றுக்குப் பேர் போன ஊர். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குக் காற்று துணியைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில்தான் இங்கே அரிசிச் சேவையைக் காய வைப்பார்கள், மீஃபன் என்று பேர். முடி மாதிரி மெல்லியது. நான் அதை வேகவைத்து, கடுகு தாளித்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறேன். முதல் நாள் கடுகு வெடித்த சத்தத்துக்கு ஆகோங் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எழுபத்தேழு வயது, கையில் ஒரு காய்கறிக் கத்தி. கொல்ல வந்துவிட்டார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தார், ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார், வெங்காயத்தாள் இல்லாமல் இதெல்லாம் ஒரு சாப்பாடா என்று கையை ஆட்டிவிட்டு, போய் ஒரு கட்டு எடுத்து வந்து அந்தக் கத்தியாலேயே நறுக்கிப் போட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என் அடுப்பில்தான் இரண்டு பேருக்கும்.

அந்தக் கத்தி குண்டில் செய்தது அப்பா. நிஜமான பீரங்கிக் குண்டு. அவர் பிறந்தது கின்மன் தீவு. ஆட்சி தைவானுடையது, ஆனால் சீனக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் உள்ள தூரம்கூட நடுவில் இல்லை. 1958 ஆகஸ்ட் 23 சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். 44 நாளில் 4,70,000 குண்டுக்கு மேல் விழுந்தது. அப்போது இவருக்குப் பத்து வயது. பிறகு ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது: ஒற்றைப்படைத் தேதியில் குண்டு, இரட்டைப்படைத் தேதியில் ஓய்வு. பின்னாளில் குண்டுக்குள் மருந்துக்குப் பதில் பிரசாரத் துண்டுக் காகிதம். இப்படியே 1979 ஜனவரி 1 வரைக்கும் இருபது வருஷம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இரட்டைப்படைத் தேதியில்தான் வைப்போம் என்று சொல்லி ஆகோங் சிரிக்கிறார். நாம் ராகு காலம் பார்க்கிற மாதிரி. விழுந்த குண்டின் எஃகை வெட்டி ஊர்க் கொல்லர்கள் கத்தி அடித்தார்கள், ஒரு குண்டில் அறுபது கத்திவரை வருமாம். இன்றைக்கு அதுதான் அந்தத் தீவில் சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போகிற பொருள்.

இப்போது பெரியப்பா சங்கதி. அதே 1958 செப்டம்பர் 24, அந்தக் கடலுக்கு மேலே விமானச் சண்டை. தைவான் விமானங்களில் அமெரிக்கா புதிதாகக் கொடுத்த சைட்விண்டர் ஏவுகணை. சூட்டைத் தேடிப் போய் அடிக்கிறது. ஆகாயச் சண்டையில் அப்படி ஒன்று விமானத்தை வீழ்த்தியது அதுதான் முதல் தடவை. அந்த மாதச் சண்டைகளில் விட்ட ஒன்று மட்டும் சீனாவின் மிக்-17 விமானத்தில் போய்ச் செருகிக்கொண்டு வெடிக்கவில்லையாம். விமானி அதோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். சீனாக்காரர்கள் அதை ரஷ்யாவுக்குக் கொடுக்க, அவர்கள் பிரித்துப் பார்த்து அப்படியே ஒன்று செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் கே-13.

பெரியப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். விமானப்படையில் அசாமில் இருந்தபோது மிக்-21 விமானத்தின் இறக்கையில் அவர் தன் கையால் மாட்டி இறக்கியது கே-13தானே? எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், ரஷ்யாக்காரன் மூளை என்று! அது அமெரிக்காக்காரன் மூளை, சீனாக்காரன் விமானத்தில் செருகி, ரஷ்யா வழியாக நம் பெரியப்பா கைக்கு வந்திருக்கிறது. மாதையன் மாமாவும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் நல்லது. போன செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21-க்குக் கடைசி வணக்கம் சொன்னதை டி.வி.யில் பார்த்துப் பெரியப்பா அழுதார் என்று பாப்பா சொன்னது. அதனால் ரொம்பவும் சீண்ட வேண்டாம்.

இதையெல்லாம் ஆகோங்கிடம் சைகையும் பாதிச் சீனமுமாகச் சொன்னேன். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டாமா? நம் கிருஷ்ணகிரி மலையின் போட்டோவைக் காட்டினேன். 1791-ல் வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டு மேலே ஏற முடியாமல் திரும்பியதையும், அந்தக் காலத்திலேயே மைசூர்ப் படையிடம் இரும்புக் குழாய் ராக்கெட் இருந்ததையும் சொன்னேன். அடுத்த வருஷமே உடன்படிக்கை போட்டு நம் ஊரெல்லாம் சேர்ந்த பாராமகால் சீமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பதும், அந்த ராக்கெட்டை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்துச் செய்து 1807-ல் கோபன்ஹேகனைக் கொளுத்தினார்கள் என்பதும் சொன்னபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "கத்தி செய்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே யாரும் பயந்து ஓடவில்லை. சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவிலுள்ள நீரிணையின் குறுகலான இடம் 130 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் போய்க் கொஞ்சம் தாண்டுகிற தூரம். ஜூலையில் வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும். சங்கு ஊதினால் அரை மணி நேரம் ரோட்டில் ஆள் நடமாடக் கூடாது. இந்த வருஷம் நான் கடைக்குள் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குளுகுளுவென்று நின்றுகொண்டு போனைப் பார்த்தார்கள். முடிந்ததும் குப்பை வண்டி வந்தது. அது பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நம் ஊர் ஐஸ் வண்டிக்குப் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி. ஆகோங்கின் பேரன் மட்டும் பட்டாளத்தில் இருக்கிறான். நாலு மாதமாக இருந்த கட்டாயச் சேவையைப் போன 2024-லிருந்து ஒரு வருஷமாக்கிவிட்டார்கள். அவன் லீவுக்கு வருகிற நாளில் தாத்தா யாரோடும் பேச மாட்டார், மீன் வாங்க விடியற்காலையிலேயே போய்விடுவார்.

சண்டை வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றுவதற்குச் சண்டை வர வேண்டியதில்லை. ராகி மாவு புரட்டாசியோடு தீர்ந்துவிட்டது. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று கூரையை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா களி கிண்டும்போது துடுப்பு பானையில் இடிக்கிற சத்தத்தை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இரண்டு இடி இடித்துவிட்டு ஒரு திருப்பு திருப்புமே, அந்தத் திருப்பு எப்போது வரும் என்று மறந்துபோயிற்று. தையில் நம் மாந்தோப்பு பூத்தால் ஒரு போட்டோ போதாது, பாப்பாவை நடந்துகொண்டே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பேச வேண்டாம், வண்டுச் சத்தம் மட்டும் இருக்கட்டும்.

தோப்பைப் பற்றி: மேற்குப் பக்கம் ஒன்றரை ஏக்கரைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம் அப்பா. இந்த வருஷம் தோத்தாபுரியை மரத்திலேயே விட்டோம் என்பதற்காக மரத்தை வெட்டக் கூடாது. கூழ் ஆலைக்காரர் போன வருஷப் பாக்கியையே இன்னும் தரவில்லை என்றால், அவருக்குப் போடுவதை நிறுத்துங்கள். பழைய மரத்தில் பாதியைச் செந்தூராவுக்கு ஒட்டு மாற்றலாம் என்று தோட்டக்கலை ஆபீசில் சொன்னார்களே, அதைக் கேட்டு வாருங்கள். பெரியப்பா பங்கும் அதில் இருப்பதால் அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் சனிக்கிழமை வேலையை நிறுத்தியிருக்கிறார்கள், அமெரிக்க வரி வந்ததிலிருந்து சின்னக் கம்பெனிகளில் இப்படித்தான் கணக்கை மாற்றுகிறார்கள். வேறொன்றும் இல்லை. என் படிப்புக் கடன் தவணையை நவம்பருக்கும் டிசம்பருக்கும் நீங்கள் கட்டிவிடுங்கள், தையில் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு இந்தப் பத்தியை வாசிக்க வேண்டாம் பாப்பா. நீதான் வாசிப்பாய் என்று தெரியும்.

பாப்பா விஷயம். ஊத்தங்கரை மாப்பிள்ளை வீட்டார் ஓசூர் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். போன் உதிரிபாக ஆலையில் மூன்று வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்துத் தன் நகையைத் தானே சேர்த்த பெண் அது. விட வேண்டாம் என்று சொன்னால் மேலே பேசுங்கள், அவசரப்பட்டு நிச்சயத் தேதி குறிக்காதீர்கள். நான் லீவு கேட்க மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆயாவின் கண் ஆபரேஷனுக்கு இடது கண்ணா வலது கண்ணா? நீங்கள் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், பாப்பா போனில் வேறு சொன்னது. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: அம்மாவுக்கு ஒரு குண்டுக் கத்தி வாங்கி வைத்திருக்கிறேன். கத்தி சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அம்மா சொல்லும், அதனால் ஒரு ரூபாய் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.