ஃபேஜ் வகுப்பைக் காப்பாற்றியவர்களுக்கு

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜைத் தேட, முதலாண்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பை மண்ணோடு வந்து நிற்கிறார்கள். ஆகஸ்டில் நம் ஆய்வகம் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்குபேட்டரில் இடம் கொடுத்த பக்கத்து ஆய்வகத்தார், விடிய விடிய அகார் தட்டு (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) ஊற்றிய பழைய மென்டர்கள் (முதலாண்டுக்கு வழிகாட்டும் மூத்த மாணவர்கள்), வாரம் முழுக்கச் சாப்பாடு அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள், எல்லாருக்கும் நன்றி. (புளியோதரைக்குத் தனி நன்றி.)

ஆனால் நான் பெரிதும் கடன்பட்டிருப்பது, இரவில் நம் தளத்தைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கு.

நம் புது மென்டர்கள் போன வருஷம் இதே வகுப்பில் படித்தவர்கள். வேலை தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. ஒத்திகையில் ஒருவர் முதலாண்டு மாணவராக நடிப்பார். தெரிந்தவர் தெரியாதவர்போல் நடித்தால் எப்படி இருக்கும்? எல்லாக் கேள்விக்கும் உடனே விடை வந்துவிடும்.

குப்பைக்கூடையை எடுக்க வந்த அந்த அம்மா, மூடி ஒட்டியிருந்த தட்டைப் பார்த்துக் கேட்டார்: “இதெல்லாம் ஓட்டையாக இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா?” ஒரு மென்டர் பிளாக் (அந்த ஓட்டையின் பெயர்), லைசிஸ் (பாக்டீரியா உடைந்து சிதைவது) என்று ஆரம்பித்தான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒன்றும் புரியவில்லை தம்பி” என்கிற தோரணையில் சிரித்தார். அவன் நிறுத்தினான். அப்புறம், “ஓட்டை இல்லாத இடத்தில் என்ன தெரிகிறது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனத்தைத்தான் நான் நாள்முழுக்கப் பாடமெடுத்தும் வரவழைக்க முடியவில்லை. அவர் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். “பாலாடைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. ஓட்டையில் அதை ஏதோ தின்றிருக்கிறது.”

2008இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் தொடங்கிய இந்த ஃபேஜ் வேட்டையில், மண்ணிலிருந்து என்ன வைரஸ் கிடைக்கும் என்பது ஆசிரியருக்கே தெரியாது. கண்டெடுக்கும் மாணவர்தான் அதற்குப் பேர் வைக்கிறார். விடையை ஒப்பிக்கும் மென்டரால் இங்கே பிரயோஜனம் இல்லை.

மறுநாளும் அந்த அம்மா இடைவேளையில் டீயோடு வந்து உட்கார்ந்தார். பாக்டீரியா கலக்காத வெறும் அகாரைக் கையுறை போட்டு ஊற்றினார். ஆறிப்போய்க் கட்டி தட்டியது. பக்கத்தில் நின்ற மென்டர் பெண் குழாயைப் பிடுங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஏன் கட்டியானது?” என்று மட்டும் கேட்டாள். சரி, இவள் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் முதல் மென்டர் பயிற்சியில் அறிவியல் படிக்காத ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கப்போகிறேன். முதல் அழைப்பு அந்த அம்மாவுக்கு. படிவத்தை நேற்றே துறைக்கு அனுப்பிவிட்டேன்.