பஞ்சு வைத்துக் கொடுத்தவருக்கு

நேற்று என் மகனுடைய பதினெட்டாம் மாத எச்.ஐ.வி. ரிப்போர்ட் வந்துவிட்டது. நெகட்டிவ். எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்து லேப் அக்கா தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே தலையை ஆட்டிச் சிரித்துவிட்டார். அப்புறம் தாளில் இருந்தது ஒன்றும் எனக்குக் கண்ணில் தெரியவில்லை. இடுப்பில் உட்கார்ந்திருந்த மகன் அவருடைய பேனாவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அது எப்படி வந்தது, யாரால் வந்தது, நானும் என் வீட்டுக்காரரும் அந்த மாதங்களை எப்படித் தள்ளினோம் என்பதெல்லாம் இதில் வராது. அந்த வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பெயரும் ஊரும் போடவில்லை. மாமியாருக்கு இன்னும் தெரியாது.

இந்தச் செய்தியை நான் நேரில் போய்ச் சொல்ல நினைத்த ஆள் ஒருவர் உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், மருந்து கொடுக்கும் அண்ணன். போன மாதம் மாற்றலாகிப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று கவுண்டரில் இருக்கும் புதுத் தம்பிக்குத் தெரியவில்லை. அதனால்தான் இப்படி எல்லார் முன்னாலும் எழுத வேண்டியதாகிவிட்டது.

முதல் நாள் எனக்கு ஐந்தாவது மாதம். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. கவுண்டருக்கு வந்தேன். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, முப்பது மாத்திரை, தினம் ஒன்று. அண்ணன் அதை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் திரும்ப இழுத்துக்கொண்டு காதோரம் வைத்து ஆட்டினார். கிலுகிலுவென்றது, குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் கிலுகிலுப்பை மாதிரி.

“வீட்டுல எத்தனை பேரு அம்மிணி?”

“ஏழு பேருங்க.”

“பஸ்ஸுலயா போறீங்க?”

தலையாட்டினேன். மூடியைத் திறந்தார். மேஜைக்குக் கீழே இருந்த பஞ்சு ரோலில் ஒரு துண்டைப் பிய்த்து, விரலால் உள்ளே அழுத்தி மூடி, மறுபடி ஆட்டினார். லேசாகச் சத்தம் வந்தது. இன்னொரு துண்டு. இந்தத் தடவை அவருக்கே திருப்தி. “ஊமையாயிருச்சு பாருங்க. உள்ள சின்னதா ஒரு டப்பி கிடக்கும், ஈரம் இழுக்கறதுக்கு. வெளிய எடுத்துப் போட்டுராதீங்க. மாத்திரை எடுத்ததும் பஞ்சைத் திரும்ப வெச்சு மூடிருங்க.”

இன்னொன்றும் சொன்னார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் பகலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இது உடம்பில் சரியாகச் சேராது. அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்றே எனக்கு அதுவரை தோன்றவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் திரும்பி வந்து, “சத்தம் கேட்டு மாமியார் பையைத் துழாவிட்டாங்க சார்” என்று அவரிடம் அழுதிருப்பார்கள்? அதை எல்லாம் கேட்டு, ஒரு பஞ்சு ரோல் வாங்கி மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறார். எந்த உத்தரவிலும் அது இருக்காது. பஸ்ஸில் வேண்டுமென்றே பையைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அன்றைக்கு அப்போதுதான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தேன்.

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் டப்பா. ராத்திரி ஒன்பது மணி சீரியல் பாட்டு ஹாலில் ஆரம்பித்ததும் ஒரு மாத்திரை. எட்டாம் மாதம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்க எடுத்த வைரல் லோடு சோதனையில் வைரஸ் கணக்கில் வரவே இல்லை. அந்த ஊமை டப்பாவுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்று நான் யாரிடமும் சத்தியம் செய்வேன்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். மருந்தே இல்லாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரைக்கும் தாயிடமிருந்து தொற்றலாம், மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது மிகச் சொற்பம் என்று நான் கேட்ட போதெல்லாம் சலிக்காமல் திரும்பச் சொன்ன கவுன்சிலர் மேடம். சிபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனையும் ரியாக்டிவ் என்று வந்ததால் மூன்று வாரம் வாரா வாரம் இரண்டு பக்கமும் பென்சிலின் போட்டு, வலி தெரியாமலிருக்கத் தன் மகளின் கணக்கு மார்க்கைப் பற்றிப் புலம்பிய நர்ஸ் அக்கா. பிரசவ வார்டில் என் மாமியார் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது, என்னைப் பார்க்காமல் வார்டு முழுவதற்கும் கேட்கும்படி, “ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வைக்கக் கூடாது, எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்று அதட்டிய சிஸ்டர். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க ஆறு வாரம் நெவிரபின் மருந்து ஊற்றக் கற்றுக் கொடுத்தவர்கள், அவன் குதிகாலில் குத்திக் காகித அட்டையில் ரத்தம் எடுத்துவிட்டு அவனோடு சேர்ந்து முகம் சுளித்தவர்கள். எல்லாருக்கும்.

எங்களுடையது லாரி ஓடுகிற ஊர். 2003-இல் தெருவில் ஒரு டிரைவர் மாமா இருந்தார். அவர் டம்ளர் திண்ணையில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவர் இறந்துபோன வருஷத்துக்கு அடுத்த ஏப்ரலில், 2004-இல்தான், அரசாங்கம் இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் முதல் இடங்களில் ஒன்று. கொஞ்ச மாதம் தாக்குப்பிடித்திருந்தால் இன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அந்த டம்ளரை நான் ஒருநாள் காலால் தட்டிவிட்டு ஓடினேன். ஆறு வயது. இருந்தாலும்.

நேற்றுப் புதுத் தம்பி மூன்று டப்பா கொடுத்தான். கிலுகிலு. அவன் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. வெளியே மருந்துக்கடைக்குப் போய்ப் பெரிய ரோலாக வாங்கி வந்து அவன் மேஜையில் வைத்தேன். எதற்கு என்றான். ஒரு டப்பாவைத் திறந்து காட்டினேன். தீர்ந்தால் அடுத்த ரோலும் நான்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒன்று கேளுங்கள். போன வாரம் பீரோ திறந்திருந்த நேரம் பையன் உள்ளே கைவிட்டு டப்பாவை எடுத்துவிட்டான். நான் ஓடி வருவதற்குள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறான். சத்தம் வரவில்லை. ‘சீ’ என்று வீசிவிட்டுப் போய்விட்டான். இப்போது மேல் தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். அவனுக்குச் சந்தையில் நல்ல கிலுகிலுப்பையாக ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று.