14 நாள் கெடு

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நீ போகிற போக்கில் சொன்னது இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக டல்லாஸில் வீடு தேடி வந்து யாரோ காகிதம் கொடுத்துவிட்டுப் போனார் என்றாய். "பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று பேச்சை மாற்றினாய். அது கோர்ட் சம்மன், கண்ணா.

2009-இல் உன் அப்பாவுக்கும் ஒன்று வந்தது. வேலை போயிருந்த நேரம். வெட்கத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல், சமையலறையில் பழைய சாவிகள் கிடக்கும் டிராயரில் மடித்து வைத்துவிட்டார். கலிஃபோர்னியாவில் பதில் தர 30 நாள். அது தாண்டியதும், அப்பா பதில் தரவில்லை என்று, வழக்குப் போட்டவர்கள் கேட்டபடியே தீர்ப்பாகிவிட்டது. புது வேலை கிடைத்து அவருடைய சம்பளச் சீட்டைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வரி போக மிஞ்சியதில் கால் பங்கு பிடித்தம். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை, சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே இருந்தார்.

நீ இருக்கும் டெக்ஸஸில் இந்த மாதிரிக் கடனுக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கலாம். உன் வாடகைப் பணம் அங்கேதானே இருக்கிறது?

ஜஸ்டிஸ் கோர்ட் என்று சொன்னாய், சின்னத் தொகை வழக்குகளுக்கான உள்ளூர்க் கோர்ட். 20,000 டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் போய்ச் சேர வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வழக்கில் சொல்லியிருப்பதை மறுக்கிறேன் என்று எழுதினாலே போதும், காரணம் அடுக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு.

வங்கியிடமிருந்து கடனை விலைக்கு வாங்கிய கம்பெனிதானே வழக்குப் போட்டிருக்கிறது? யார் யாருக்கு எப்போது விற்றார்கள், வட்டி எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். நீ கடைசியாகப் பணம் கட்டியது எப்போது என்று தேடிப் பார். நான்கு வருடக் காலவரம்பு தாண்டியிருந்தால், கடனை வாங்கியவர்கள் வழக்கே போடக்கூடாது என்று 2019-இல் அங்கே சட்டம் வந்திருக்கிறது. அதையும் பதிலிலேயே எழுது.

கடன் உண்மையென்றால் கொடுத்துவிடுவோம். நம் வீட்டில் யாரும் ஏமாற்றி வாழ்ந்ததில்லை. தவணைக்கு ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொள். கணக்கு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உன் அப்பாவிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேன், அந்தக் காகிதம் என் கண்ணில் பட்டிருந்தால்.

சம்மன் எந்தத் தேதியில் உன் கைக்கு வந்தது? எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இன்றிரவே அனுப்பு. சனிக்கிழமை காலை போனில் உட்கார்ந்து இருவருமாகப் பதிலை எழுதிவிடுவோம்.

அன்புடன்,
அம்மா