புல்லட் சிலிண்டரைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். பழைய புல்லட் 350 வண்டியின் என்ஜினைப் பிரித்துவிட்டதாகவும், புகையை நிறுத்தப் புதிய ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்கள்) வாங்கி வைத்திருப்பதாகவும், சிலிண்டர் கண்ணாடிபோல் மின்னுவதால் ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த மினுமினுப்பின் மேல் புதிய ரிங்கைப் போட்டுவிடாதே.

பட்டறைகளில் அதைக் கிளேஸ் என்பார்கள். சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவரில் ஆலையில் போட்ட கோடுகள் தேய்ந்து, எரிந்த எண்ணெயின் படிவும் சேர்ந்து உண்டாகும் வழவழப்பு அது. புதிய ரிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சுவரோடு சுற்றளவு முழுவதும் ஒரே சீராகப் பொருந்தாது; முதல் சில நூறு கிலோமீட்டரில் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று மெல்லத் தேய்த்துக்கொண்டுதான் பொருந்த வேண்டும். வழவழப்பான சுவரில் அந்தத் தேய்மானம் நடப்பதில்லை, எண்ணெய் தங்கவும் இடமில்லை. எரிந்த வாயு கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது என்ஜினின் அடிப்பெட்டிக்குள், இறங்கும், எண்ணெய் மேலே ஏறும், நீ நிறுத்த நினைத்த புகை அப்படியே தொடரும். ஆகவே அந்தச் சுவரை நாமே அளவோடு சொரசொரப்பாக்க வேண்டியிருக்கிறது, அதுதான் ஹோனிங்.

அதற்கு முன் அளவெடுக்க வேண்டும். உன் சிலிண்டர் துளையின் அசல் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. தேய்மானம் எங்கும் ஒன்றுபோல் இருக்காது. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அது மிக அதிகம்; பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்பும்போது எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது, அதே வேளையில் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு நெருக்குகிறது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் முன்னும் பின்னும் சாய்வதால் வண்டியின் முன்–பின் பக்கச் சுவர்கள் கூடுதலாகத் தேய்ந்து துளை நீள்வட்டமாகும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்.

கேஜ் கிடைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பழைய மேல் ரிங்கைத் துளைக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளிச் சாயாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மேலே ஒருமுறையும் ரிங் ஓடாத அடிப்பகுதியில் ஒருமுறையும் அளந்து பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் உள்ள வித்தியாசம் தோராயமாகத் தெரிந்துவிடும், இடைவெளி 0.30 மி.மீ. கூடியிருந்தால் துளை ஏறக்குறைய 0.1 மி.மீ. அகன்றிருக்கிறது. நீள்வட்டம் இதில் தெரியாது, ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். துளையின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார். படி தட்டினால் அதை முதலில் எடுத்தாக வேண்டும். பழைய ரிங்கின் மேல் ஓரம் அந்தப் படிக்கேற்ப மழுங்கியிருக்கும். புதியதன் கூரான ஓரம் அதில் மோதினால் ரிங் உடையும்.

தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே ஹோனிங். சிறு உருண்டைகள் ஒட்டிய பிரஷ் ஹோனும், ஸ்பிரிங்கில் இயங்கும் மூன்று கல் ஹோனும் துளையின் வடிவத்தைப் பின்பற்றிச் செல்பவை. கிளேஸை எடுக்கும், கோணலை நிமிர்த்தாது. வார்ப்பிரும்புத் துளைக்கு கிரிட் எண் (கல்லின் சொரசொரப்பைக் குறிப்பது) 220 முதல் 280 வரையிலான கல் பொருத்தம். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்க யாரையும் விடாதே.

கோடுகளின் கோணத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கல் சுழன்றபடியே ஏறி இறங்கும்போது விழும் கோடுகள் கோரைப்பாயின் பின்னலைப்போல ஒன்றையொன்று வெட்ட வேண்டும். வெட்டும் கோணம் 45 முதல் 60 பாகைக்குள் இருப்பது நல்லது. 70 மி.மீ. துளையில் டிரில் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினாலே கல் சுவரின்மீது நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 45 பாகை வேண்டுமென்றால் கை நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் போய் வர வேண்டும். டிரிலை முழு வேகத்தில் விட்டுக் கையை நிதானமாக அசைத்தால் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்துவிடும். அப்படிப் படுத்த கோடுகள் ரிங்கை அதிரச் செய்யும். அளவுக்கு மீறி நிமிர்ந்தால் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். டீசலும் எண்ணெயும் கலந்து கல்லை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றும்போது கல்லை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. பழைய மினுக்கம் எங்கும் இல்லாமல் சாம்பல் நிறம் சீராகப் பரவியதும் நிறுத்திவிடு. அதற்குமேல் எடுப்பதெல்லாம் வீணாகத் துளையை அகலப்படுத்துவதுதான்.

அடுத்தது கழுவுதல். ஹோனிங்கைவிட இதற்கு அதிக நேரம் கொடு என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் எண்ணெய் போகும், கல்லிலிருந்து உதிர்ந்த துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கும்; பிறகு அது ரிங்கையும் பிஸ்டனையும் பேரிங்கையும் அரைக்கும். சிலிண்டரைத் தனியாக எடுத்து, சுடுநீரில் சோப்புத்தூள் கரைத்து, கெட்டி நைலான் பிரஷால் மீண்டும் மீண்டும் தேய். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் என்ஜின் ஆயிலைத் தொட்டு உள்ளே துடைத்துப் பார். துணியில் சாம்பல் படிந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். பச்சை இரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கும், ஆகவே துணி வெள்ளையாக வந்ததும் தாமதிக்காமல் எண்ணெய் பூசிவிடு.

ரிங் வாயை ஹோனிங்குக்குப் பிறகு புதிய ரிங்கை வைத்துப் பார்க்க வேண்டும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்ற பழைய கணக்குப்படி உன் துளைக்கு ஏறக்குறைய 0.28 மி.மீ. வரும், ரிங் உறையில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள். வண்டியைக் கிளப்பியதும் நிற்க வைத்து ஐடிலில் நெடுநேரம் ஓடவிடாதே. மிதமான சுமையில் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டு ஓட்டினால்தான் எரிந்த வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பொருந்தச் செய்யும். பொருந்தும்வரை சாதாரண மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் வேண்டாம்.

அளவெடுத்ததும் எனக்கு எழுது. தேய்மானம் வரம்பை மீறி, போரிங் போட (துளையைக் குடைந்து பெரிதாக்க) வேண்டிய நிலை என்றால் நீ வாங்கிய ஸ்டாண்டர்டு ரிங் உதவாது, ஆகவே அந்தப் பெட்டியை அதுவரை பிரிக்காமல் வை. 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனை, அதாவது அசலைவிட அந்த அளவு பெரியதை, முதலில் வாங்கி, அதை லேத் பட்டறைக்காரர் கையில் கொடுத்து, அளந்து பார்த்து அதற்கேற்பப் போரிங் போடச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்