தறி ஓடாத கோடை

சோமனூர்,
ஆடி 2.

அன்புள்ள அம்மிணிக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வரி கோணினால் பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உன் கைபேசிக்கு அனுப்பச் சொல்வேன். அவன் படிக்க மாட்டான், நல்ல பையன். போனிலேயே பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்றைக் கேட்க வாயெடுத்தால் நீ வேறொன்றைச் சொல்லி முடித்துவிடுகிறாய். அதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள்.

போன ஞாயிறு பேரன் பேசினான். "அப்புச்சி, இந்த லீவுல நாங்க எங்கேயும் போகலை, நானும் அம்மாவும் தினம் ஒரு படம் பாக்கறோம்" என்றான். தினமுமா என்று கேட்டேன். தினமும்தான், செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு படம் என்றான். அவனுக்குப் புரிவதற்காகக் கீழே ஆங்கில எழுத்து ஓடவிட்டு, 'காதலிக்க நேரமில்லை' படத்தை நீ போட்டுக் காட்டினாயாம். பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடத்தில் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே நீ போனை வாங்கி, "ஒண்ணுமில்லைங்கப்பா, வீட்டில இருந்துதான் வேலை" என்றாய். நான் எதுவும் கேட்கவில்லையே, அம்மிணி.

அன்று முதல் எனக்கு 1993ஆம் ஆண்டுக் கோடையைத் தவிர வேறு நினைவில்லை. எழுதுவதற்குச் செய்தி இல்லாமல் இல்லை. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் தம்பி திருப்பூரிலிருந்து வாரம் தவறாமல் வருகிறான். ஆடிக் காற்றில் மேற்குத் தென்னை ஒன்று சாய்ந்துவிட்டது. இவையெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

உனக்கு அப்போது வயது பதினொன்று. இன்று உன் மகனுக்கும் அதே வயது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உடம்பு ஒருகணம் சிலிர்த்தது. அந்தக் கோடையை நீ எத்தனை பேரிடம் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறாய்! கல்லூரி விடுதியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில்கூட, "நம் வீட்டில் வீடியோ டெக் இருந்த அந்த ஒரு லீவு போல இனி வராது" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் பீரோவில் உன் அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதிதான் சன் டிவி தொடங்கியது. நம் தெருவுக்குக் கேபிள் வந்து சேரவில்லை என்றாலும், வந்துவிட்டால் கேசட்டை யார் எடுப்பார்கள் என்ற பயம் வீடியோ கடைக்காரருக்கு வந்துவிட்டது. அதனால்தான் ஒரு நாளுக்கு வாங்கும் வாடகையைக் குறைத்து, மாதக் கணக்கில் டெக்கை நமக்கு விட்டார். கேசட் இரவுக்கு ஐந்து ரூபாய். நீயும் தம்பியும் சைக்கிளில் போய் எடுத்து வருவீர்கள். பாதிப் படத்தில் கீழே ஏதோ ஒரு ஊர்க் கடையின் விளம்பரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதையும் நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள்.

தம்பிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' தவிர வேறு படம் ஆகாது. நான்கு கமலையும் அவன் ஒருவனே நடித்துக் காட்டுவான். சாம்பாரில் மீன் விழும் காட்சிக்காக ரீவைண்ட் பொத்தானை அழுத்தி அழுத்தி அது உள்ளே போய்விட்டது. உன் அம்மாவுக்குத் 'திருவிளையாடல்'. 1965இல் அந்தப் படம் வந்தபோது அவளுடைய அப்பா தியேட்டருக்குக் கூட்டிப்போகவில்லையாம், அந்தக் குறையை அந்த ஒரு மாதத்தில் தீர்த்துக்கொண்டாள். உனக்கு 'காதலிக்க நேரமில்லை'. ஏழு முறை எடுத்து வந்தாய் என்பதற்கு நானே சாட்சி. அடுத்த ஆண்டு ஆழியாறு அணைக்குப் போனபோது அந்த விருந்தினர் மாளிகையைப் பார்த்ததும், "இதுதானுங்கப்பா, இதுக்கு முன்னாலதான் கூடாரம் போட்டுப் பாடுவாங்க!" என்று பேருந்திலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாய். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

படத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரமடித்து, மீண்டும் வேலை கொடு என்று ஊரைக் கூட்டிப் பாடுகிறான். நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள். நானும் தட்டினேன். அவனைப் போல வாசலில் நின்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நம் எட்டுத் தறியும் அந்தக் கோடையில் நின்றிருந்தன. மோட்டார் பழுது, சரக்கு தேக்கம், தறிக்கு ஓய்வு என்று உங்களுக்குக் காரணத்தை மாற்றி மாற்றிச் சொன்னேன். உண்மையில் நமக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுத்துக்கொண்டிருந்த உற்பத்தியாளர் பங்குனியோடு பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். கூலித்தறிக்காரனுக்குப் பாவும் ஊடை நூலும் அவர் கொடுத்தால்தான் தறி ஓடும், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். அவர் கொடுக்காவிட்டால் எட்டுத் தறியும் எட்டு இரும்புக் குவியல்தான். டீக்கடைக்குப் போனால், "பாவு வந்துச்சுங்களா?" என்று நான்கு பேர் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நான் வீட்டில் உட்கார்ந்தேன். பகலில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகத்தான் டெக். பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறேன் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தறி ஓடும் வீட்டில் டிவி வசனம் கேட்காது என்பது உனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியின் நாடாவும் அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேசவேண்டும். அந்தக் கோடையில் நாகேஷ் மெதுவாகப் பேசியதுகூட நமக்குத் தெளிவாகக் கேட்டது. நீ அதைத்தான் அந்தக் கோடையின் பெரிய சுகமாகச் சொல்வாய். எனக்கு அந்த அமைதி தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

இப்போது நீ பேசும்போது உன் பின்னால் சத்தமே கேட்பதில்லை, அம்மிணி. முன்பெல்லாம் நீ பேசினால் பின்னணியில் யாராவது பேசுவார்கள், எங்கேயோ மணி அடிக்கும், "ஒரு நிமிஷமுங்கப்பா" என்று யாரிடமோ ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு வருவாய். அந்த இரைச்சலைக் கேட்டால் எனக்குத் தறி ஓடுவதைக் கேட்பது போல இருக்கும். இந்த ஒரு மாதமாக அது இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. எதற்காகவும் அந்தக் கடன் அட்டையைத் தேய்க்காதே. வட்டிக்கு வட்டி போடும் பணத்தை யாரும் உழைத்து அடைத்ததில்லை. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால், வேறு ஏற்பாடு செய்துகொள்ள 60 நாள்தான் அவகாசம் என்று செய்தித்தாளில் படித்தேன். பொதுவாகத்தான் சொல்கிறேன். பேரன் சொன்ன நாளிலிருந்து நான் காலண்டரில் எதையோ எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து உன் அம்மா என்னவென்று கேட்டாள். ஆடிப்பெருக்குக்கு எத்தனை நாள் என்று பார்க்கிறேன் என்றேன்.

'திருவிளையாடல்' பார்த்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது. பாட்டில் எவ்வளவு பிழை இருக்கிறதோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொள்ளலாமே என்று தருமி கெஞ்சும் இடத்தில் உன் அம்மாவும் நீயும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு, துணியில் குறை காட்டிக் கூலியில் பிடித்தம் செய்துகொள்ளுங்கள், பாவை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று நான் அந்த உற்பத்தியாளரிடம் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. 'சின்னக் கவுண்டர்' பார்த்த இரவும் அப்படித்தான். கடனை அடைக்க நாயகி மொய் விருந்து வைக்கும் காட்சி வந்ததும் எழுந்து களத்துக்குப் போய்விட்டேன். "அப்பா தூங்கப் போயிட்டாரு, பாவம்" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. உன் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அன்று காலைதான் அடகுக்குப் போயிருந்தது. அவளிடம் கேட்டுத்தான் வாங்கினேன். எதற்கென்று மட்டும் பொய் சொன்னேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. இதுவரை எழுதியது, இனி எழுதப்போவதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளத்தான்.

மே மாதக் கடைசியில் டெக்குக்குள் நாடா சுற்றிக்கொண்டு ஒரு கேசட் பாழானது நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்காது. காலையில் நான் உன்னை எழுப்பி, நீதான் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறாய் என்று சொல்லி, பால் ஊற்ற வந்தவர் முன்னாலும் பெரியத்தை முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். உன் மேல் கை வைத்தது அந்த ஒருமுறைதான். அம்மிணி, அந்தக் கேசட்டைப் பாழாக்கியது நான். நீங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு, தூக்கம் வராமல், சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து உன் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வரும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், இருட்டில் மூடியைத் திறந்து கையை விட்டு இழுத்தேன். நாடா ஒரு முழத்துக்கு வெளியே வந்து கசங்கிவிட்டது. விடிந்ததும், கடைக்காரர் கேட்கப்போகும் பணத்துக்கு எங்கே போவது என்ற ஒரே பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தைப் பதினொரு வயதுப் பிள்ளையின் கன்னத்தில் இறக்கினேன்.

நீ ஒரு சொல் சொல்லவில்லை. நான் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. என்னோடு கடைக்கு நடந்து வந்தாய். கடைக்காரர் 80 ரூபாய் என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தபோது, நீ முன்னால் வந்து, "நானேதானுங்க தெரியாம இழுத்துப்போட்டேன், அப்பாவுக்குத் தெரியாதுங்க" என்றாய். அவர் உன்னைப் பார்த்துவிட்டு 40 போதும் என்றார். நான் 40 ரூபாயை எண்ணி வைத்தேன். வழியெல்லாம் நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. இருட்டில் நான் டெக்கின் முன்னால் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாயா என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாயோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதற்குப் பிறகு நீ எதற்கும் என்னிடம் வந்து அழுததில்லை. பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்தில் இரண்டு பாடம் போனதை உன் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பிள்ளைப்பேறு சிக்கலானதை எல்லாம் முடிந்த பிறகு சொன்னாய். உன் அம்மா, "அவள் மனசுல வெச்சுக்கற பொண்ணு" என்பாள். மனசில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? நம் தெருவிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போனவள் நீ என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் உன்மேல் ஒரு பாரமாக ஏறியிருக்கலாம். ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை, இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதே நேரத்தில், பெற்றவனிடம் சொல்லாமல் ஒரு மாதம் இருக்க உனக்கு எப்படி முடிகிறது என்ற கோபமும் எனக்கு இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆண்டு ஆனியில் நான்கு தறியைப் பழைய இரும்பு விலைக்குப் பல்லடம் பக்கம் கொடுத்தேன். ஆவணியில் வேறொருவரிடம் பாவு கிடைத்தது. மீதி நான்கு தறி ஓடித்தான் உன்னைப் படிக்கவைத்தது. தறிக்குடோனை இடித்து விற்ற பணம் பாங்கில் யாருக்கும் வேலையில்லாமல் கிடக்கிறது. மாடி அறையில் உன் கட்டிலை யாரும் நகர்த்தவில்லை; பேரனுக்கு இங்கே பள்ளிக்கூடமும் இல்லாமல் போகவில்லை. அட்டையை மட்டும் தேய்க்காதே. இரவில் கண் விழிக்காதே. மாப்பிள்ளையிடம் ஒளிக்காதே, நான் உன் அம்மாவிடம் ஒளித்தேன், சங்கிலி எங்கே போனது என்று அவள் அடகுக்கடைக்காரர் மனைவியின் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நாளை இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறேன். டல்லஸில் அப்போது உனக்குக் காலை பத்தரை. அந்த நேரத்தில் இதுவரை நான் உன்னை அழைத்ததில்லை. எடுத்தால் நீ எதுவும் சொல்லவேண்டாம். படம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தாதே. பேரனைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல், நாகேஷ் பேசுவது இங்கே எனக்கும் கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா.