கணக்கு தப்பில்ல, கேள்விய படிக்கல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசிப்பு பத்தி வந்த கட்டுரை படிச்சேன். புள்ளைங்களுக்கு மாசம் இத்தன புக்குன்னு டார்கெட் வைக்கணுமாம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல சார்.

என் பையன் எட்டாவது. கணக்குல வீக்குன்னு டியூஷன்ல சொல்லிட்டாங்க. ஒருநாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு குழாய் தொட்டிய 6 மணி நேரத்துல நிரப்பும், இன்னொண்ணு ரொம்புன தொட்டிய 12 மணி நேரத்துல காலி பண்ணும், ரெண்டையும் சேத்து தொறந்தா எப்ப ரொம்பும்னு கேள்வி. இவன் ரெண்டுமே நிரப்புற குழாய்னு நெனச்சு மடமடன்னு போட்டு 4 மணி நேரம்னு எழுதிட்டான். போட்ட கணக்கு கரெக்ட், கேள்விதான் வேற. "காலி பண்ணும்"ங்கிற இடத்துல வெரல வெச்சு திருப்பி படிடான்னேன், ரெண்டே நிமிஷத்துல 12ன்னு சொல்லிட்டான்.

அன்னிலேந்து தினம் காலைல உங்க பேப்பர்ல ஒரே ஒரு செய்தி, சத்தமா படிக்கணும். எங்கப்பா காலத்து டீக்கடைல இப்படித்தானே, ஒருத்தர் படிப்பாரு, நாலு பேரு கேப்பாங்க, நடுவுல யாராச்சும் "இருப்பா, அத திருப்பி படி"ம்பாரு, அங்கதான் வாக்குவாதமே ஆரம்பிக்கும். செய்திய வீடியோல பாத்தாலும் நடுவுல நிறுத்தி திருப்பி கேக்கலாம்தான், யாரு நிறுத்துறா?

போன மாசம் தக்காளி செய்தி படிச்சுட்டு, "அம்மா இதுல கிலோ 30ன்னு இருக்கு, நீ 50க்கு வாங்குன, யாரு பொய் சொல்றா?"ன்னான். கடைசி வரியையும் படின்னேன், கோயம்பேடு மொத்த விலைன்னு இருந்துச்சு. அப்ப நடுவுல 20 ரூபா யாருக்கு போகுதுன்னு அடுத்த கேள்வி. வண்டி வாடகை, கூலி, அழுகிப்போறதுன்னு ஏதோ சொல்லி சமாளிச்சேன், எனக்கே சரியா தெரியல.

புக்கெல்லாம் காசு குடுத்து வாங்கி கட்டுப்படியாகாது. சுதந்திர இந்தியாவோட முதல் நூலகச் சட்டமே 1948ல நம்ம மெட்ராஸ்ல வந்ததுதான், நூலக அறிஞர் சீர்காழி ரங்கநாதன் அதுக்கு அவ்ளோ பாடுபட்டாரு, இன்னிக்கும் சொத்து வரியோட நூலக வரி கட்டுறோம் (வாடகை வீடுன்னாலும் ஓனர் அதையும் சேத்துதான் வாங்குறாரு). ஆனா எங்க ஏரியா கிளை நூலகத்த பையன் டியூஷன் முடிஞ்சு வர்றதுக்குள்ள பூட்டிடுறாங்க.

அது உங்க கையில இல்ல, தெரியும். உங்க கையில இருக்குறது ஒண்ணு கேக்குறேன். சிறுவர் பக்கத்துல புதிருக்கு விடைய அங்கயே கீழ தலைகீழா போடுறீங்க பாருங்க, அத அடுத்த வாரம் போடுங்க சார். இவன் பேப்பர திருப்பி பாத்துடுறான்.

ஒரு வாசகி,
தாம்பரம்